பிளவக்கல் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரி நூலகர் நான். போன வாரம் முதலாமாண்டு பிள்ளைகளுக்கு, கைக்கு வரும் செய்தியை எப்படிச் சரிபார்ப்பது என்று வகுப்பு எடுத்தேன். வீட்டு வாட்ஸ்அப்பில் வந்த ஏதாவது ஒன்றை, முதலில் அனுப்பிய ஆள் வரை தேடிப்போய் எழுதி வரச் சொன்னேன்.

இன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் மாரீஸ்வரி நோட்டுடன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வத்திராயிருப்புப் பெண். அவள் எடுத்த செய்தி: பிளவக்கல் அணையில் திங்கட்கிழமை தண்ணீர் திறக்கிறார்கள்.

“எங்கப்பாவுக்கு சித்தப்பா அனுப்புனாக சார். சித்தப்பாவுக்குப் பட்டாளத்துக்காரங்க குரூப்புல வந்துச்சு. அதுல போட்டது ஒங்க மச்சினராம்.”

மச்சினனுக்கு அனுப்பியது நான்.

“அடுத்த மெசேஜ்லயே ‘இது நெசமா, விசாரிச்சுச் சொல்லு’ன்னு கேட்டிருந்தேனே” என்றேன்.

“அத அவரு அனுப்பல சார். மொத மெசேஜ மட்டும் போட்டு, ‘காலேஜ் லைப்ரரியன் சொன்னது, சரியாத்தான் இருக்கும்’னு எழுதிருக்காரு. எங்கப்பா நாத்துப் பாவ வெதநெல்ல ஊறப் போட்டுட்டாக.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஒங்களுக்கு யாரு சார் அனுப்புனா?”

எனக்கு வந்த மெசேஜைப் போனில் இடமில்லை என்று அழித்துவிட்டேன். யாரென்று ஞாபகமும் இல்லை.

நோட்டில் ‘முதல் ஆள்’ என்ற இடத்தில் பேனாவை வைத்தாள்.

“சார், ஒங்க இனிசியல் என்ன?”

அவளுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன்.

திங்கட்கிழமை தண்ணீர் வருமா என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். யார் சொல்லித் தெரியும் என்பதையும் சேர்த்து.

நெல் ஊறிக்கொண்டிருக்கிறது.