இறங்கி உருட்டியவர்

யாராவது பேய்க் கதை தொடங்கினால், கோப்பை கழுவுகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுகிறவள் நான். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் மற்றவர்களுடைய இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள். எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்பதுதான் என் பிழைப்பு. இதற்கும் தேடிப் பார்த்துவிட்டேன், சரிவரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், சிரிப்பதென்றால் முடிவில் சிரியுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில், குரோய்டனில் ஒரு கடைக்கு மேலே ஓர் அறை, கலியாணமாகி முதல் வருசம். இவர், என் கணவர் ரகு, பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இரண்டு பழைய சைக்கிள் வாங்கினோம், அதுதான் எங்கள் தேன்நிலவு என்று வையுங்கள்.

இவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. சைக்கிளில் ஏறினால் போய்ச் சேருமட்டும் இறங்கமாட்டார். சிவப்பு விளக்கில் ஒரு காலை நடைபாதை விளிம்பில் ஊன்றிக்கொண்டு நிற்பாரே தவிர இருக்கையை விட்டு எழும்பமாட்டார். வழியில் பால் வாங்கவும் நான்தான் இறங்கவேண்டும்.

அதற்குக் காரணம் ஊரில் இருந்தது. அங்கே வீதிக்கு வீதி சென்றி, ஆமிக்காரரின் காவலரண். அதற்கு முன்னால் ஒருவரும் சைக்கிள் ஓட ஏலாது. தூரத்திலேயே இறங்கி, தலையைக் குனிந்து, உருட்டிக்கொண்டு தாண்டவேண்டும். நானும் பள்ளிக்கூடச் சட்டையோடு அப்படித்தான் உருட்டினேன். எண்பதுகளில் ஒரு நாள், நல்ல வெயிலில், இவருடைய அண்ணர் இறங்கவில்லை. யோசனையில் போனாரோ, போதும் என்று நினைத்தாரோ, யாருக்குத் தெரியும். துவக்குப் பிடியால், துப்பாக்கிக் கட்டையால், அடித்தார்கள். உடம்பு வீட்டுக்கு வந்தபோது வலது காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது. சைக்கிள் வரவேயில்லை.

"அண்ணை இறங்கேல்லை. நானும் இறங்கமாட்டன்," என்றார் கலியாணமான புதிதில். அதற்குமேல் அந்தக் கதை எங்களுக்குள் வந்ததில்லை.

செப்டெம்பர் மாதம், இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைத்த ஒரு ஞாயிறு. சைக்கிள்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு தெற்கே போனோம். நகரம் கழன்று விழுந்த இடத்தில் வெண்சுண்ணாம்பு மலைச்சரிவு, சரிவு முழுக்க முந்திரிகைத் தோட்டம். திராட்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வைனுக்காக வளர்க்கிறது. ஊரில் பந்தலில் படுத்திருக்கும் கொடி, இங்கே கம்பி கம்பியாக நிமிர்த்திக் கட்டி அணிவகுத்து நிற்கிறது. நடுவே சரளைக்கல் போட்ட கிரவல் பாதை. கார் இல்லை, லொறி இல்லை, சில்லுக்குக் கீழே கல் நொறுங்குகிற சத்தமும் பழுத்த பழத்தின் புளிப்பு மணமும்தான். பகல் இரண்டு மணி வெயில். பேய்க்கு உகந்த நேரமா, சொல்லுங்கள்?

அப்போது வெடித்தது.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. குருவி கலைக்க இங்கே தோட்டங்களில் எரிவாயு வெடி வைப்பார்கள். தெரிந்துதான் என்ன? என் கால் எனக்கு முன்னால் இறங்கிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டிருந்தேன்.

இவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ஏனப்பா இறங்கினீர்? குருவிக்கு வைக்கிற வெடியப்பா. லண்டன் குருவியளும் அகதியாப் போகட்டும். ஏறும்!"

"எனக்கு ஏலாமக் கிடக்கு. நீங்களும் கொஞ்சம் இறங்குங்கோ."

"நான் இறங்கமாட்டன் எண்டு தெரியுந்தானே உமக்கு."

மிதித்தார். அவருக்கும் எனக்கும் இடையே ஒரு பேருந்து நீளம் இருக்கும், இரண்டாவது வெடி. அதோடு இவருடைய தலை பின்னால் மடிந்தது. எதிரே ஒன்றுமில்லை, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வெயிலும் கொடியும் மட்டும், ஆனால் சைக்கிள் சுவரில் முட்டியதுபோல் நின்றது, இவர் அதோடு சேர்ந்து பக்கவாட்டில் விழுந்தார், ஒரு கால் சட்டத்துக்கு அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம், கைப்பிடியை விடவில்லை. விழுந்தது விபத்து என்று வைத்துக்கொள்வோம். விழுந்த பிறகு நடந்ததை என்னவென்று வைப்பது?

அடி விழுந்தது. நம்புங்கள், நம்பாமல் விடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் அவருடைய உடம்பு கிரவலை விட்டு எழும்பி விழுந்தது. விலா உடைகிற சத்தம் கேட்டது, காய்ந்த தடியை முழங்காலில் வைத்து முறிக்கிற அதே சத்தம். வாய் திறந்தது, குரல் வரவில்லை, இரத்தம் வந்தது. அவரைச் சுற்றிக் கல்லும் தூசும் தெறித்தன, சப்பாத்துக்கால்கள் இடம் மாறி மாறி நின்று உதைத்தால் எப்படித் தெறிக்குமோ அப்படி. பக்கத்து வரிசைக் கொடிகள் கிழிந்து, பழம் நசிந்து, அவருடைய முகத்தில் எது சாறு எது இரத்தம் என்று எனக்கே, இரத்தத்தோடு வாழ்கிற எனக்கே, பிரிக்கத் தெரியவில்லை.

நான் ஓடினேன். என் சைக்கிளை விடாமல் உருட்டிக்கொண்டே ஓடினேன். கிட்டப் போனதும் என் தோளில் ஒன்று இடித்தது, மூச்சு நின்றது, விழுந்து தவழ்ந்தேன். அவரைச் சாகக் கொடுக்கப்போகிறேன் என்று தெரிந்தது. அப்போதுதான் அந்தக் கால் கண்ணில் பட்டது. சட்டத்துக்கு மேலே போட்டபடி இருந்த அவருடைய கால். அவர் இன்னும் சைக்கிளில்தான் இருந்தார்.

விரல்களைக் கைப்பிடியிலிருந்து பிடுங்கினேன். காலைத் தூக்கி இந்தப் பக்கம் எறிந்தேன். சைக்கிளை அவரிடமிருந்து இழுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அந்த வெறும் வெயிலைப் பார்த்துக் கத்தினேன்:

"இறங்கீட்டார்! ஐயா, இவர் இறங்கீட்டார்!"

நின்றது. தூசி அடங்கியது. ஒரு குருவி கத்தியது.

தோட்டத்து உழவு இயந்திரக்காரர்தான் எங்களைக் கண்டு அம்புலன்ஸ் அழைத்தார். இவருக்கு நான்கு விலாவும் தாடையும் முறிந்திருந்தன. வலது தோளில் இரத்தம் கன்றிச் செவ்வகமாய் ஒரு கண்டல், பலகை விளிம்பு பதிந்ததுபோல். சைக்கிளால் விழுந்து இப்படி வராது என்று வைத்தியர் என்னை ஒருவிதமாகப் பார்த்தார். பொலிஸ் என்னைத் தனியாக இருத்திக் கேட்டது: நிறவெறி பிடித்த மொட்டைத்தலைப் பெடியள் யாராவதா? உன் சொந்தக்காரரா? நீயா? ஒருவரும் இல்லை என்றேன். ஒருவரும் இல்லைத்தானே.

இவர் பிழைத்தார். கட்டுப் போட்ட தாடையோடு வீட்டுக்கு வந்து, முதன்முதலாக வாய் அசைக்க முடிந்தபோது சொன்னது: "எனக்காக ஏன் சொன்னனீர்? நான் இறங்கேல்லையே."

அடுத்த கிழமை அந்த உழவு இயந்திரக்காரர் ஒரு வான் வண்டியில் வந்தார், தோட்டத்திலேயே விட்டுவந்த இவருடைய சைக்கிளோடு. வாசலில் வைத்து நன்றி சொல்லிவிட்டு, உங்களுடைய குருவி வெடி என்று தொடங்கினேன். ஞாயிறுகளில் அதை நிறுத்திவிடுவோம், அயலார் முறைப்பாடு என்றார். பிறகு அவராகவே சொன்னார்:

"உங்கள் நாட்டு ஆள் ஒருவர்தான் இதைத் தந்தார். அந்தப் பாதையில் மேலும் கீழும் உருட்டிக்கொண்டு திரிந்தார், மூன்று நாளாகப் பார்த்தேன். இங்கே வாகனம் வராது, ஏறி ஓடலாம் என்றேன். தலையை ஆட்டி மாட்டேன் என்றார். பாவம், அந்தக் கல்லில் ஒரு காலில் செருப்பே இல்லை."

பின்னால் படி கிறீச்சிட்டது. இவர் விலாவைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்திருந்தார். ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எந்தக் கால்?"

அந்த மனிதர் யோசித்துத் தன் இடது தொடையைத் தட்டிக் காட்டினார். இவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஹரோவுக்கு வீடு மாறினோம். சைக்கிளும் கூட வந்தது. பின் வளவுக் கொட்டிலில் நிற்கிறது. இவர் ஏறுவதில்லை, விற்கவும் விடுவதில்லை. போன மாதம் கொட்டிலை ஒதுக்கும்போது சைக்கிள் சில்லைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். கல்லுப்போல் இருந்தது.

"நீங்களே காத்தடிச்சனீங்கள்?" என்றேன்.

"நீர்தான் அடிக்கிறீர் எண்டெல்லோ நான் இவ்வளவு காலமும் நினைச்சன்," என்றார்.