கயிற்றில் ஏறிய மலை

என் அண்ணன் இமயத்தின் உயர்ந்த சிகரமொன்றில் ஏறிவிட்டார் என்ற செய்தி வந்தபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஒரு காலத்தில் இந்த நாட்டின் நெடுந்தூர ஓட்டக்காரிகளில் முன்வரிசையில் நின்றவள் நான். பத்தாயிரம் மீற்றரில் தேசிய மட்டத்தில் தங்கம் எடுத்தேன். வெளிநாட்டுப் போட்டிக்கான தெரிவு தலைநகரில் நடந்த நேரம், போரால் யாழ்ப்பாணத்துக்கான பாதை பூட்டிக் கிடந்தது. கப்பலில் இடம் கிடைப்பதற்குள் தெரிவு முடிந்துபோனது. பாதை திறந்தபோது என் கால்களின் காலமும் முடிந்திருந்தது. எனக்கு மாலையும் இல்லை, மேளமும் இல்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக விசில் ஊதுகிறேன்.

அண்ணன் லண்டனில் இருப்பவர். பள்ளிக்கூட நாளில் விளையாட்டுப் போட்டி என்றால் காய்ச்சல் என்று போர்த்துக்கொண்டு படுக்கிற ஆள். அண்ணி தவறிய பிறகு, ஐம்பதைத் தாண்டிய வயதில் அவருக்கு மலைப் பைத்தியம் பிடித்தது.

அவர் ஊருக்கு வருகிறார் என்றதும் மருதனார்மடம் சந்தியில் பதாகை கட்டினார்கள். குடும்ப வாட்சப் குழுவுக்கு அவர் அனுப்பிய படம்தான். பனி, கொடிகள், நடுவில் செம்மஞ்சள் உடுப்பில் ஒரு மனிதன். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, மூக்கையும் வாயையும் மூடி ஒட்சிசன் முகமூடி. கீழே ‘சிகரம் தொட்ட எங்கள் மைந்தன்’ என்று எழுதியிருந்தது. வாசிகசாலை இளைஞர்கள் அதற்கு உண்மையான பூமாலையும் போட்டார்கள். எங்கள் மாமி சைக்கிளை நிறுத்திவிட்டுச் சத்தம் போட்டார்.

“உயிரோடை இருக்கிறவன்ரை படத்துக்கு மாலை போடுறியளே? உங்களுக்கென்ன விசரே?”

எங்கள் ஊரில் படத்துக்கு மாலை விழுந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். நடிகர்களுக்குப் போடுகிறார்கள்தானே என்று சொல்லி இளைஞர்கள் சிரித்தார்கள். மாலை அப்படியே தொங்கியது.

கௌரவிப்பு விழாவை ஒழுங்கு செய்தவர் என்னிடமும் வந்தார்.

“ரீச்சர், வரவேற்புரை நீங்கள்தான் சொல்லோணும். அண்ணை மலையிலை, தங்கச்சி ஓட்டத்திலை, ரெண்டும் ஒண்டுதான் எண்டு ஒரு வரி போடுங்கோ. நல்லாயிருக்கும்.”

“ரெண்டும் ஒண்டில்லை,” என்றேன். அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடிக்காமலே எழும்பிப் போனார்.

வந்து இறங்கிய மறுநாள் காலை, கடற்கரைத் தீர்த்தமான கீரிமலைக்குப் போகவேண்டும் என்றார் அண்ணன். என் ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். கேணியில் முழுகிவிட்டு வந்து, கடலைப் பார்த்த சுவரில் ஈரத் துவாயோடு குந்தினார். மாதக்கணக்காக நான் அடக்கி வைத்திருந்ததை அங்கேதான் கொட்டினேன்.

“அண்ணை, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. கயிறு கட்டிறதுக்கு ஒருத்தன். சமைக்க, கூடாரம் அடிக்க, சாமான் காவ ஆக்கள். மூச்சு விடுறதுக்குச் சிலிண்டர். உதுவும் நான் ஓடினதும் ஒண்டே?”

“ஓட்டத்திலை தோத்தால் வீட்டை வரலாம். அங்கை அப்பிடியில்லை.”

“ஆபத்து வேறை, திறமை வேறை. ஹெல்மெட் போடாமல் சந்தியிலை பறக்கிறவனுக்கும் உயிராபத்துத்தான். அவனுக்கு ஆர் பொன்னாடை போத்துறது?”

நான் விடவில்லை. ஆள் உதவி இல்லாமல் தானாக ஏறுகிறவர்களை நான் சொல்லவில்லை, அவர்கள் வேறு ரகம் என்றேன். ஆனால் ஓடுகிறவளைக் கடைசிச் சுற்றில் ஒருவன் தொட்டுத் தள்ளினாலே வெளியேற்றிவிடுவார்கள். வருடக்கணக்காக விடியுமுன் எழும்பிச் செம்மண் ஒழுங்கைகளில் ஓடினாலும் அந்த வேகம் ஒரு சிலருடைய உடம்பில்தான் வந்து சேரும். நல்ல வழிகாட்டியும் பொறுமையும் இருந்தால் அண்ணனைப் போன்ற ஒருவரை உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். எந்த வழிகாட்டியை வைத்தும் அவரை என் வேகத்தில் ஒரு சுற்று ஓடவைக்க முடியாது.

“நீ சொல்றது சரி,” என்றார்.

சண்டைக்கு ஆயத்தமாக வந்தவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

“அப்ப நாளைக்கு மேடையிலை உதைச் சொல்லுங்கோ.”

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஊர் கூடியிருக்க, ஊர் கொண்டாடுகிற அந்த வாயால் ஒருதரம் அதைச் சொல்லவேண்டும்.

கொஞ்சம் தள்ளி ஒரு குடும்பம் செத்துப்போன யாருக்கோ அந்தியேட்டிக் கிரியை செய்துகொண்டிருந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோத்திரம் தெரியாத ஆளுக்கு, சைவமில்லாத ஆளுக்கு, உது செய்யலாமே?”

“ஆருக்கு?”

“சந்தியிலை மாலையோடை நிக்கிறவனுக்கு.”

எனக்கு விளங்க நேரமெடுத்தது. அந்தப் படம் அண்ணன் எடுத்த படம். அதில் நிற்பது அவரைக் கயிற்றில் பிணைத்து மேலே கொண்டுபோன நேபாளத்து வழிகாட்டி. அண்ணனை எடுத்த படங்கள் அந்த மனிதனுடைய போனில் இருந்தன. இறங்கும் வழியில் அண்ணனுடைய சிலிண்டர் தீர்ந்துவிட்டது. வழிகாட்டி தன்னுடையதைக் கழற்றி இவருக்கு மாட்டி, கீழே போய்க்கொண்டிருந்த இன்னொரு குழுவோடு அனுப்பியிருக்கிறார். தான் மெதுவாக வருகிறேன் என்று சொன்னாராம். வரவில்லை. உடம்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஊரில் அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

கூடாரத்துக்கு வந்து சேர்ந்த அண்ணன், அவரும் பின்னால் வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில், ‘உச்சியில்’ என்று மட்டும் எழுதிப் படத்தை எங்களுக்கு அனுப்பினார். முகம் தெரியாத அந்த ஆளை அண்ணன் என்றே எடுத்துக்கொண்டு நாங்கள் வாழ்த்துகளைக் குவித்துவிட்டோம். பிறகு திருத்திச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“நேற்றுச் சந்தியிலை நான் கும்பிட்டது அவனைத்தான்,” என்றார்.

அவர் கும்பிட்டதை நானும் பார்த்தேன். தன் படத்தையே கும்பிடுகிற ஆள் என்று மனதுக்குள் நக்கலடித்திருந்தேன். அண்ணன் தேம்பி அழுதார். சின்ன வயதிலும் அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் கண்ணீர் வந்தது.

“நாளைக்கு எல்லாருக்கும் முன்னாலை சொல்லப்போறன். அவன்ரை பேரையும் சொல்லப்போறன்.”

“சொல்லுங்கோ அண்ணை. என்ரை கதையை விடுங்கோ. உதை மட்டும் சொல்லுங்கோ, காணும்.”

மறுநாள் பின்னேரம் வாசிகசாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. நாதஸ்வரம் ஊதி அழைத்துவந்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அண்ணன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“உண்மையைச் சொல்லோணும்,” என்று தொடங்கினார். அவருடைய பார்வை முன்வரிசைக்குப் போனது. அங்கே எங்கள் உறவுகள் எல்லாரும் போனை உயர்த்திப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் ஏறினது பெரிய விசயமில்லை. கயிறு கட்டி, ஆள் வைச்சு ஏறினனான். என்ரை தங்கச்சி தனிய ஓடினவள். அதுதான் சாதனை. நீங்கள் மேளம் பிடிச்சிருக்கவேண்டியது அவளுக்கு.”

சனம் எழும்பி நின்று கைதட்டியது. என்ன அடக்கமான பிள்ளை என்று மாமி கண்ணைத் துடைத்தார். அண்ணனுடைய பெருமை இன்னும் ஒரு படி ஏறியது. என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

இத்தனை வருடம் நான் ஏங்கிக் கிடந்த வார்த்தைகள், ஒன்று பிசகாமல் வந்தன. அவை வந்ததும் பேச்சு முடிந்துவிட்டது. செத்தவனை ‘ஆள் வைச்சு’ என்ற இரண்டு சொல்லுக்குள் அடக்கிவிட்டார். அவனுக்குச் சேரவேண்டியதைத்தான் எனக்கு எடுத்துத் தந்திருக்கிறார் என்று மேடையில் கால் வைத்தபோதே விளங்கியது.

அண்ணன் தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து எனக்குப் போர்த்தினார். காதுக்குக் கிட்டக் குனிந்து, “இப்ப சந்தோசமே?” என்று கேட்டார்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓம் என்று தலையசைத்தேன்.