ஜஹ்ராக் குட்டையில் ஒரு வெள்ளிக்கிழமை

அழுகிய கோரையும் சாக்கடையும் கலந்த நாற்றம் இன்றும் எங்காவது மூக்கில் ஏறினால் எனக்குக் குமட்டுவதில்லை, அழுகைதான் வருகிறது. எழுபதுகளின் நடுவில், குவைத்தின் வடக்கே ஜஹ்ராவில், கழிவுநீர் தேங்கி நாணல் மண்டிக் கிடந்த குட்டைகளின் வாடை அது. பங்குனியில் வடக்கு நோக்கிப் போகும் பறவைகள், அந்தப் பாலைவனத்தில் வேறு தண்ணீர் காணாமல் அங்கேதான் வந்து இறங்கும். வேதாரண்யத்தில் பிறந்த அம்மாவுக்குப் பறவை என்றால் உயிர். நாங்கள் குடியிருந்த ஃபஹாஹீல் வீட்டு ஜன்னலில் அவள் கண்டதெல்லாம் புறாவும் புழுதியும்தான். "ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போங்களேன்" என்று அப்பாவை அவள் நச்சரிக்காத வாரமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா தாமாகவே "கிளம்புங்க" என்றார். ஏனென்று எனக்குத் தெரியும். எட்டு வயதில் தெரிந்திருக்க வேண்டாத காரணம். இரண்டு நாள் முன்பு பேனா தேடி அவர் சட்டைப் பையைத் துழாவியபோது மாமா அடித்த தந்தி கையில் வந்தது. அம்மாவின் அப்பா, என் தாத்தா, இறந்துவிட்டார். எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் "கஃபீல்" வசம், அதாவது அப்பாவுக்கு விசா கொடுத்த அரபி முதலாளியின் பெட்டியில், அவரோ வெளிநாட்டில். "சொன்னா மட்டும் அனுப்பவா முடியும்? அவர் வர்ற வரைக்கும் அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்றார், என் கையில் தந்தியைப் பார்த்த அப்பா. சாவுச் செய்தியை மறைப்பது அன்று அங்கே வீட்டுக்கு வீடு வழக்கம்; அதைக் கருணை என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

குட்டைக்கரையில் அம்மா செருப்பை உதறிவிட்டுச் சின்னப் பெண்போல ஓடினாள். "பாப்பா, அங்கே பாரு, கொண்டலாத்தி! ஐயோ, நெடுங்கால் உள்ளான்டி, எங்க உப்பளத்துல நிக்கும்!" "லீவுல போறப்ப தாத்தாகிட்ட சொல்லணும், நம்பவே மாட்டார்" என்றாள். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அவள் கை நின்றது. "ஏங்க, காலைல விளக்கேத்தப் போனவளை எதுக்குத் தடுத்தீங்க?" வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் அவளை வாசல் தாண்டவிடாத மனுஷர் அப்பா, அன்று மட்டும் "நேரமாச்சு, வேண்டாம்" என்றிருந்தார். தந்தியை மறைக்கத் துணிந்தவருக்குத் தீட்டு வீட்டில் விளக்கெரிய மட்டும் மனம் ஒப்பவில்லை. "யாருக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க" என்றாள் அம்மா. அப்பா தந்தியை எடுத்து நீட்டினார். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. நான்தான் படித்துச் சொன்னேன்.

கதறுவாள் என்று பயந்தேன். அவளோ என் பக்கம் திரும்பி, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள். தலையாட்டினேன். "தெரிஞ்சுமாடி என்னைச் சிரிக்க விட்டே?"

காரில் திரும்பும்போது நான் தொட்ட கையை விலக்கிக்கொண்டாள். பாஸ்போர்ட் வந்து நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. அதன்பின் அம்மா எந்தப் பறவையையும் பெயர் சொல்லிக் காட்டி நான் கேட்டதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஜஹ்ரா போனேன். குட்டைகளைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள்; நாங்கள் இறங்கிய கரை எதுவென்றே தெரியவில்லை. அம்மாவும் இன்று இல்லை. இருந்தவரை, நான் எங்கிருந்து போன் செய்தாலும் "நல்லாருக்கியா" என்பதற்கு முன் "எதையும் மறைக்கலியே?" என்றுதான் கேட்பாள். கடைசியில் ஆஸ்பத்திரியில், டாக்டர் என்னைத் தனியே அழைத்து இன்னும் சில நாள்தான் என்று சொல்லி அனுப்பிய பிறகும் அதையே கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.