அப்பா இறக்கிய ஹேண்ட்பிரேக்

அப்பாவிடமிருந்து கார் சாவியைப் பிடுங்கியது நான்தான். போன மழைக்காலத்தில் ஒருநாள், சாலைக் கடைவீதிக்குப் போய்த் திரும்பி வலியசாலை வீட்டின் முன் வண்டியை நிறுத்தினார். கருகிய வாடை. பின்சக்கரம் தொட முடியாத சூடு. ஹேண்ட்பிரேக்கைப் போட்டபடியே ஓட்டி வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். எழுபத்தாறு வயது, மூக்குக்கண்ணாடியைத் தினமும் தேடுகிற ஆள். எனக்கு அது போதுமாக இருந்தது.

"இறக்கித்தான்டி ஓட்டினேன். டாஷ்போர்டுல சிவப்பு லைட் எரியவே இல்லை," என்றார்.

"லைட்டைப் பார்க்கவும் மறந்திருப்பேள்," என்றேன். தெருவில் நின்று, அடுத்த வீட்டார் காதில் விழும்படி சொன்னேன்.

இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே வாடை. சாவி என் பைக்குள் போயிற்று. நான் கம்பெனி பஸ்ஸில் கழக்கூட்டம் போகிறவள், அதனால் வண்டி சும்மா நின்றது. அப்பா வெளியே போவதையே விட்டார். கேஸை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்க ஆரம்பித்தார். நான் சொன்னது சரிதான் என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

போன வாரம் பஸ்ஸைத் தவறவிட்டுக் காரை எடுத்தேன். ஹேண்ட்பிரேக் லிவரை நானே இறக்கினேன். பாதி வழியில் அதே வாடை.

வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன், நாகர்கோவில்காரர். லிவரை இறக்கி, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். வலது சக்கரம் கையால் தள்ளியதும் சுற்றியது. இடது அசையவில்லை. அந்தச் சக்கரத்தில் மாட்டியிருந்த கேபிளைக் கழற்றினார். உடனே அதுவும் சுற்றியது.

"கேபிள்தான் அக்கா. உறைக்குள்ள துருப்பிடிச்சு இறுகிட்டு. லிவரை இறக்கினாலும் பிரேக் விடாது. இது ஒரு வருசமாவது இருக்கும், பாத்துக்கிடுங்க. ஓட்டுனவங்க யாரும் சொல்லலியா?"

"அப்பா சொன்னார்."

"பொறவு ஏன் அப்பமே கொண்டுவரல்ல?"

கழற்றிய பழைய கேபிளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பழைய கேபிளை அப்பாவிடம் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை அது.

அவர் கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவும் கெட்டிருக்கும். ஆனா அன்னிக்கு நான்தான் இறக்கலை. இப்பல்லாம் எனக்கு எதுவும் மனசுல நிக்கறதில்லையே."

சாவியை நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேண்டாம். யார் மேலயாவது ஏத்திடுவேன்."

"இறக்கினேள்ப்பா. நீங்க இறக்கித்தான் ஓட்டினேள்," என்று கத்தினேன்.

அப்பா பயந்துவிட்டார். "சரிம்மா, கத்தாதே," என்றார். "நீ சொன்னா இறக்கியிருப்பேன்."