தேநீர்க்கடைச் சுவரில் ஹேவாஹெட்ட வரைபடம்

ஹேவாஹெட்ட வரைபடத்தில் ஒரு விஷயம் சொல்வதற்காகக் கடந்த செவ்வாய்க்கிழமை காலை முத்துக்குமார் அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன். கம்பளை வீட்டிலிருந்து அவருடைய மனைவிதான் பேசினார். "அவரு விடியக்காலையில போயிட்டாரும்மா. இப்பதான் வீட்டுக்குக் கொண்டாந்தோம்." எதற்காக எடுத்தேன் என்று சொல்லாமலே வைத்துவிட்டேன்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு, தண்ணீர், பாதை பற்றித் தகவல் திரட்டும் ஆராய்ச்சிப் பிரிவின் பொறுப்பாளர் அவர். அதை வைத்து நகரத் திட்டம் வரைகிற அலுவலகத்தில் நான். கேட்டவுடன் தரமாட்டார் என்பதுதான் எங்கள் தலைவலி. வரைபடத்தை முதலில் அந்தந்த ஊர்த் தேநீர்க்கடைச் சுவரில் ஒட்டுவார். பக்கத்தில் நூலில் ஒரு பென்சில் தொங்கும். ஊரார் திருத்திய பிறகே எங்களிடம் வரும். கலகெதரையிலிருந்து வந்த படத்தில் தேநீர்க் கறையோடு ஒரு பூனையும் இருந்தது. "பூனைய மட்டும் விட்டுட்டு மிச்சத்த வரைங்க" என்றார். "அலுமாரிக்குள்ள கிடந்தா அது தகவல் இல்ல, வெறும் தாள்" என்றும் சொல்வார்.

ஹேவாஹெட்டப் பக்கம் குடிநீர்க் குழாய் போடும் திட்டம் வந்தபோது மேலிடம் நெருக்கியது. அந்த ஒரு தடவை படத்தைச் சுவரில் ஒட்டிய கையோடு எங்களுக்கும் அனுப்பிவிட்டார். அவருடைய ஆட்கள் பகலில் போயிருந்தார்கள். எல்லோரும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன நேரம். பூட்டிய கதவுகளைப் பார்த்து, ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், ஆளே இல்லை என்று குறித்துவிட்டார்கள். நாங்களும் குழாயை அதற்குக் கீழேயே நிறுத்தி வரைந்துவிட்டோம். கடைக்கு வந்த ஒரு பெண் படத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டாராம்: "எங்க லயத்தக் காணோமே ஐயா. நாங்க எங்க போயிட்டோம்?"

மறுநாள் எங்கள் கூட்டத்தில் அண்ணன் எழுந்து நின்றார். "பிழை என்னோடது. நானும் லயத்துல பொறந்தவன்தான். பகல்ல கதவு பூட்டியிருக்கும்னு எனக்குத் தெரியாதா? பார்க்காம கையெழுத்து வச்சிட்டேன்."

பணிப்பாளருக்குக் கோபம். திட்டம் தாமதமானால் அண்ணன் மேல்தான் மேலிடத்துக்கு அறிக்கை போகும் என்றார்.

"எழுதுங்க சேர். ஆனா அந்த லயத்துக்குத் தண்ணி போகணும்."

அறிக்கை போனது, வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. தண்ணீர் மட்டும் போனது. அவர் அதைப் பற்றி ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய எல்லா வரைபடங்களின் மூலையிலும் 'பிழை கண்டால் சொல்லவும்' என்ற வரியும், கீழே அவர் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். "என்ன அண்ணே, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேலி செய்வேன். சிரிப்பாரே தவிர அந்த வரியை விடமாட்டார்.

செத்த வீட்டுக்கு அந்த லயத்திலிருந்தும் வந்திருந்தார்கள். முற்றத்தில் நெடுநேரம் நின்றார்கள். அவர்களைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்று நான் சொல்ல எடுத்தது இதைத்தான்: அந்த லயத்துக்கு மேலே புதிதாக வீடுகள் எழும்பியிருக்கின்றன, படத்தில் அவை இல்லை. நேற்று நானே ஏறிப்போய்ப் பார்த்து வரைந்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது மூலையில் இருக்கும் அந்த ஒரு வரியைத்தான். அதன் கீழே இப்போது என் பெயரும் இருக்கிறது. அவருடைய இலக்கத்தை அழிக்கக் கை வரவில்லை.

பிழை கண்டேன், அண்ணே. சொல்ல எடுத்தேன். நீங்கள் இல்லை.