ஊதாமல் போன நான்கு நாள்

ஷாஹுல் ஹமீதுக்கு அன்று கை வேலையில் நிற்கவில்லை. பாண்டி பஜார் பக்கத்துச் சந்தில் பெட்டி, பைகளுக்கு ஜிப் மாற்றுகிற கடை அவருடையது. ஒரே ஜிப்பை இரண்டு முறை தலைகீழாகத் தைத்துப் பிரித்தார். நான்கு நாளாகவே இப்படித்தான். சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார். டிபியா இல்லையா என்பது நாளைக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் மூச்சைச் சோதிக்க ஒரு குழாயைக் கையில் கொடுத்து, "ஊதுங்க பாய், இன்னும் ஊதுங்க" என்று விரட்டினார்கள். அதிலிருந்து அந்தச் சொல் அவரை விடவில்லை. இருபது வருஷமாக ஊதுகிறவர் அவர். அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்து வரும்போது, பள்ளிவாசல் முன்னால் பிள்ளைகளோடு பெண்கள் நிற்பார்கள். குர்ஆன் வசனம் ஓதி, பிஞ்சு முகங்களில் ஊதுவார். காய்ச்சலுக்கு, பயத்துக்கு, பால் குடிக்காததற்கு. எந்த மதத்துப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை.

பையைத் திரும்ப வாங்க வந்த தமிழாசிரியர் ஆனந்தகுமாரிடம் கேட்டேவிட்டார்.

"சார், ஊதுறதுன்றோமே, அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு?"

"இன்னா பாய், பரீட்சை எழுதப் போறீங்களா?" ஆசிரியர் சிரித்தார். "வாயைக் குவிச்சு மூச்சை வுடுங்க. ஊன்னுதானே வருது? அந்தச் சத்தமே வார்த்தையா ஆகியிருக்கும்னு எனக்குத் தோணுது. அடுப்பை ஊதினாலும் அதான், சங்கை ஊதினாலும் அதான்."

"அப்ப அர்த்தம்?"

"உள்ள இருக்கிறத வெளிய தள்றது. வேற இன்னா?"

உள்ளே இருப்பதை. ஆசிரியர் போன பிறகும் அது குடைந்துகொண்டே இருந்தது.

நான்கு நாளாகத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலின் பின்வாசல் வழியாக நழுவிக்கொண்டிருந்தார். அன்று அங்கே சிமெண்ட் பூசியிருந்தார்கள். முன்வாசலில் ஜவுளிக்கடைச் சீருடைச் சேலையோடு விஜயலக்ஷ்மி. தோளில் இரண்டு வயது மகள் அனன்யா.

"இன்னா பாய், ஆளையே காணோம்? இவளுக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குது."

"வேற யாரையாவது கேளும்மா."

"ஏன், நான் இன்னா தப்பு பண்ணேன்?"

உதட்டை மட்டும் அசைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? அதற்குள் குழந்தை, பழக்கத்தில், கண்ணை மூடி முகத்தை நீட்டிவிட்டது. அவர் பின்னால் நகர்ந்தார்.

"கிட்ட வராதம்மா. டிபியான்னு டெஸ்ட்டு குடுத்துகீறேன். நாளைக்குத்தான் தெரியும்."

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். விஜயலக்ஷ்மி சட்டென்று முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடி ஒதுங்கினாள். அவள் செய்ததுதான் சரி.

தொழுதுவிட்டு வந்த வேறொருவரைக் குழந்தைக்கு ஊதச் சொல்லிவிட்டு, தூரத்திலிருந்தே கேட்டாள்.

"வூட்ல சொல்லிட்டீங்களா பாய்?"

"இல்ல. பயந்துக்குவாங்க."

"நல்லாகீதே! எம் புள்ளைய ஒதுக்கத் தெரியுது. அவங்களும் அதே ரூம்லதானே மூச்சு வுடுறாங்க?"

ஒற்றை அறை வீடு. இந்த நான்கு நாளும் மனைவி ஜமீலுன்னிசா அவருக்கு முதுகு தேய்த்துவிட்டாள், பக்கத்திலேயே படுத்திருந்தாள். ஒரு தடவைகூட இது தோன்றவில்லை.

வீட்டில் உடனே சொல்லிவிட, செருப்பைச் சரியாக மாட்டாமலே வடபழனி பஸ்ஸுக்கு நடையைக் கூட்டினார்.