வெள்ளெருக்கலைக்கு மகாதேவி இருந்த காவல்

பண்டத்தரிப்பில் மகாதேவியை விசாரித்தால், "பிள்ளையாருக்கு எருக்கலை மாலை கட்டுறவவோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். இருபத்திரண்டு வருசமாக ஒரு வெள்ளிக்கிழமையும் தப்பவில்லை. பூத் தருவது பக்கத்துக் காணி வேலியோரம் நிற்கிற வெள்ளெருக்கலை. காணிக்காரர் கனடாவில். காணியைப் பார்ப்பவர் மகாதேவியின் புருசன் சீவரத்தினம்.

அந்த மரத்தடிக்குத்தான் நாலு நாளாக ஒருவன் வந்து போனான். ஓட்டோவை ஒழுங்கையில் விட்டுவிட்டு இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். பழைய வெள்ளெருக்கலையின் வேர் பிள்ளையார் உருவிலேயே விளையும் என்று ஊரில் நம்பிக்கை. அதைக் கள்ளமாகத் தோண்டி விற்கிறவர்களும் உண்டு.

"உவன் வேர்க்கள்ளன்தான். நீ உவனைக் கவனி," என்றார் சீவரத்தினம். அதோடு, "புதன்கிழமை சந்நிதி கோயிலுக்குப் போட்டு வாவன்," என்றும் இரண்டு தரம் சொன்னார். சாமி காரியத்தில் மனிசனுக்கு இவ்வளவு அக்கறை எப்போது வந்தது என்று மகாதேவிக்கு அப்போதே ஒரு மாதிரித்தான் இருந்தது.

என்றாலும் கவனித்தாள். வேலிக்குப் பின்னால் தேவாரத்தை முணுமுணுத்தபடி நின்று கவனித்தாள். ஓட்டோவின் பின்சீற்றில் நீளமாக ஏதோ சாக்கு மூடிக் கிடந்தது. வேர் கிண்டுற அலவாங்காக்கும். ஆடும் வாய் வைக்காத இலைகளில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. மரம் பட்டுப்போக மருந்து அடிக்கிறானோ?

ஐந்தாம் நாள் அவன் போனில் கதைத்தது காதில் விழுந்தது: "புதனுக்கு முதல் பிள்ளையாரை எடுத்துப்போட வேணும்."

மகாதேவி வேலியைச் சுற்றிப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"தம்பி, ஆரைக் கேட்டுப் பிள்ளையாரை எடுக்கிறீர்?"

அவன் முழித்தான். "பிள்ளையாரோ? நான் ஜெரிசன், மாதா கோயில்காரன் அக்கா."

"அதுதான் எனக்கு இன்னும் சந்தேகம்."

"பிள்ளையளை எண்டெல்லோ சொன்னனான்." சிரித்துக்கொண்டு சாக்கை விலக்கினான். வலை அடித்த நீளப் பெட்டி. உள்ளே எருக்கலை இலைகளில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய் வரி போட்ட புழுக்கள். "உவைதான் என்ரை பிள்ளையள். உவையின்ரை தாய், செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி, தேடி வந்து முட்டை போடுறது எருக்கலையிலைதான். அந்த நச்சுப் பாலிலை வளர்ந்ததைக் குருவியும் லேசிலை கொத்தாது."

"அதுக்கேன் புதனுக்கு முதல்?"

"சீவரத்தினம் அண்ணை சொல்லேல்லையோ? புதன்கிழமை மண் தோண்டுற பெக்கோ மெஷின் வருது. காணி முழுக்கத் துப்பரவாக்கப் போகினம். மெஷின்காரனை என்னட்டைத்தான் விசாரிச்சவர்."

மகாதேவி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்ப மனிசனுக்கு இவனைத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவளின் கண்ணை இவன் பக்கம் திருப்பிவிட்டு, புதன்கிழமை சந்நிதிக்கும் போகச் சொல்லியிருக்கிறார்.

பின்னேரம் சீவரத்தினம் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். முழங்கால் வீக்கத்துக்கு எருக்கலை இலையை எண்ணெய் பூசி வாட்டிக் கட்டுவது அவருக்கு வழக்கம்.

"இலை வாட்டியாச்சோ?"

"வாட்டலாம். வியாழக்கிழமையும் வீக்கம் இருக்குமெல்லோ? அண்டைக்கு எதைக் கட்டுவியள்?"

அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டு இருந்தார். "வேலிக்கரையை விடச் சொல்லுறன்," என்றார்.

"எனக்கு முன்னாலை மெஷின்காரனுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ."

சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை பெக்கோ வந்தபோது மகாதேவி எருக்கலையடியில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்தாள்.

"அண்ணை சொன்னவர் அக்கா, நான் உதைத் தொடமாட்டன்," என்றான் மெஷின்காரன்.

"ஓம், தெரியும்," என்றாள். கதிரையை விட்டு எழும்பவில்லை.